நம்ம மாப்பிள்ளை கடை

புதுக்கோட்டையில் அந்தப் பெரிய பர்னிச்சர் கடை திறக்கப்போவதாக ஊரெல்லாம் பிளெக்ஸ் கட்டியபோது நான் குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தேன். பிளெக்ஸில் சோபா படத்தைவிடப் பெரிதாக ‘உள்ளூர் மக்களுக்கு வேலைவாய்ப்பு’ என்று போட்டிருந்தார்கள். கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தபடி அதை வரி வரியாக வாசித்தேன். வயது வரம்பு இல்லை, படிப்பு கேட்கவில்லை, அனுபவம் கேட்கவில்லை. புரோட்டா போடுகிறவனிடம்கூட அனுபவம் கேட்கிற காலத்தில் இவர்கள் ஏன் எதுவுமே கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

என் ஆசை பெரிய ஆசை ஒன்றும் இல்லை. கல்யாணமான மறுவருடமே வெளிநாடு போனவன் நான். மகள் பிறந்ததைப் போனில் கேட்டேன். அவள் சடங்கைப் போனில் பார்த்தேன். லீவில் வந்தால் அவள் என்னோடு கூச்சமில்லாமல் பேசத் தொடங்கும் நேரத்தில் நான் பெட்டி கட்டிக்கொண்டிருப்பேன். அந்த முறை வந்தபோது அவள் புதுக்கோட்டையில் காலேஜ் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, “புள்ளைக்கு ஒரு முட்டை வையி” என்று மனைவியிடம் சொன்னேன். மனைவி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். மகள் சிரித்துக்கொண்டே, “அப்பா, நான் முட்டையே சாப்புட மாட்டேன்ப்பா” என்றாள். சின்ன வயதிலிருந்தே சாப்பிடமாட்டாளாம். தெருவில் எல்லோருக்கும் தெரியுமாம். இனிக் குவைத்துக்குப் போவதில்லை என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

முடிவு செய்வது சுலபம். போகாமல் என்ன செய்வது? எங்களுக்கு இருப்பது மானாவாரி நிலமும் கொஞ்சம் முந்திரியும். வானம் பார்த்துத்தான் வீட்டில் உலை வைக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் பிளெக்ஸில் கடவுளே வந்து எழுதிப் போட்டதுபோல அந்த வரி.

இன்டர்வியூ கடையின் மாடியில் நடந்தது. பெயிண்ட் வாசனை போகவில்லை. சோபாக்கள் பிளாஸ்டிக் உறையோடு கிடந்தன. மேனேஜர் கோயம்புத்தூர்ப் பக்கத்து இளைஞர். என் விண்ணப்பத்தை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, “உங்க வீட்டுக்கு வருசத்துக்கு எத்தன கல்யாணப் பத்திரிகைங்கண்ணா வரும்?” என்று கேட்டார்.

பேச்சுக்கு அடியெடுத்துக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். நல்ல மனுசன், மரியாதை தெரிந்தவன் என்றும் நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்து ஆளிடம் சொந்தபந்தம் எவ்வளவு என்று கேட்டுவிட்டால் அவன் வாயை மூடுவது கடினம். மொய் எழுதி, மொய் வாங்கி, ஒருவர் வீட்டு விசேஷத்தை ஒருவர் தூக்கிச் சுமந்துதான் நாங்கள் மனிதர்களாக நடமாடுகிறோம். யார் வீட்டுப் பத்திரிகை தாம்பாளத்தோடு நம் வாசலுக்கு வருகிறது என்பதுதான் ஒருவனின் மதிப்பு. நான் பீற்றிக்கொண்டேன். “முகூர்த்த மாசம் வந்துட்டா வைக்கிறதுக்கு எடம் இருக்காதுங்க. குடுமியான்மலைப் பக்கம் பூராம் என் மனைவி வீட்டு ஆளுங்க. மணமேல்குடில தங்கச்சியக் குடுத்திருக்கு, அங்கிட்டு ஒரு பெரிய கூட்டம். உள்ளூர்ல பங்காளிகளே ஒரு தெரு” என்றேன். அதோடு விட்டேனா? எந்த வீட்டில் பெண் இருக்கிறது, எந்த வீட்டில் பேச்சு நடக்கிறது என்பதுவரை சொன்னேன். மேனேஜர் கன்னத்தில் கை வைத்து ரசித்துக் கேட்டார். அங்கேயே வேலை கொடுத்துவிட்டார்.

திறப்பு விழாவில் ஒரு பெரிய மனிதர் ரிப்பன் வெட்டினார். இந்தக் கடை எத்தனையோ குடும்பங்களில் விளக்கேற்றி வைத்திருக்கிறது என்று மைக்கில் பேசினார். காப்பிக் கலர் சட்டை போட்டு வரிசையாக நின்ற நாங்கள்தான் அந்தக் குடும்பங்கள். நாங்களே கை தட்டினோம். என் மகள் கூட்டத்தில் முண்டியடித்து முன்னால் வந்து என்னைப் போட்டோ எடுத்தாள். ‘எங்க அப்பா இனிமே இங்கதான்’ என்று எழுதி ஸ்டேட்டஸ் வைத்தாள். கடையைச் சொல்கிறாளா, ஊரைச் சொல்கிறாளா என்று மனைவியிடம் கேட்டேன். “ஒங்களைத்தான் சொல்றா” என்றாள்.

சம்பளம் குவைத்துக்குப் பக்கத்தில்கூட நிற்காது. ஆனாலும் அந்த வருடம் போல ஒரு வருடம் எனக்கு வாய்த்ததில்லை. காலையில் மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் காலேஜ் வாசலில் விட்டுவிட்டுக் கடைக்குப் போவேன். வீட்டில் எதிரெதிராக உட்கார்ந்தால் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. வண்டியில் அப்படியில்லை. முகம் பார்க்க வேண்டாம் அல்லவா? என் காதுக்குப் பின்னாலிருந்து அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வருவாள். கெமிஸ்ட்ரி லேபில் கையைச் சுட்டுக்கொண்டது, தோழியின் அண்ணன் சண்டை, எம்.எஸ்ஸி. படித்து பி.எட். முடித்து டீச்சராக வேண்டும் என்பது, எல்லாம். ஒரு மகளை அவளுடைய இருபதாவது வயதில்தான் எனக்கு அறிமுகம் செய்துவைத்தார்கள். அதைச் செய்தது அந்த வேலை. அதனால்தான் அந்தக் கடையை முழு மனதோடு திட்டவும் என்னால் முடிவதில்லை.

ஆவணியில் முதல் ஆளாக வந்தவர் குடுமியான்மலைப் பக்கத்து மாமா, என் மனைவியின் சித்தப்பா. அவர் மகளுக்குக் கல்யாணம். சீருக்குக் கட்டில், மெத்தை, பீரோ எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதை இரண்டு பேர் போய் வாங்கிவிட்டு வர மாட்டார்கள். வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். கிழவிகள் சோபாவில் ஏறி உட்கார்ந்து குதித்துப் பார்த்தார்கள். அத்தை ஒருத்தி கட்டிலை நான்கு பக்கமும் ஆட்டிப் பார்த்தாள். பீரோ முடிவானதும் ஷோரூமிலேயே வைத்து அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மத்தியானம் கார் நிறுத்துகிற இடத்தில் வட்டமாக உட்கார்ந்து, கொண்டுவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டார்கள். செக்யூரிட்டி விரட்ட வந்தபோது மாமா எழுந்து, “ஏய், இது நம்ம மாப்பிள்ளை கடைப்பா” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாடியிலிருந்து மேனேஜர் கை காட்டி, இருக்கட்டும் விடு என்று செக்யூரிட்டிக்குச் சைகை செய்தார்.

அதற்குப் பிறகு வரிசைதான். மணமேல்குடியிலிருந்து மச்சான் வந்தார். பங்காளிகள் வந்தார்கள். ஆவணி, ஐப்பசி என்று முகூர்த்த நாளெல்லாம் என் ஆட்கள்தான். நான் விற்பனையில் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு ஒரு சோபாவுக்கும் இன்னொரு சோபாவுக்கும் வித்தியாசம் தெரியாது. வந்தவர்களுக்கு நான் ஒன்றும் விற்கவில்லை, வாங்க என்று கூப்பிட்டேன், அவ்வளவுதான்.

கார்த்திகையில் அடைமழை. மாமாவிடமிருந்து போன். மகள் போன வீட்டில் தரை நனைந்து, பீரோவின் அடிப்பாகம் ஊறி உப்பிவிட்டதாம். “மரம்னு நெனச்சோம் மாப்ள. உள்ளாற தூளை அமுக்கி வச்சிருக்கான். சம்பந்தி வீட்டுல எங்கள ஒரு மாதிரி பாக்குறாங்க” என்றார். மேனேஜரிடம் ஓடினேன். தண்ணீர் பட்டால் கம்பெனி பொறுப்பில்லை என்று பில்லின் பின்னால் போட்டிருப்பதைக் காட்டினார். மாமாவிடம் நான் அதைச் சொன்னபோது அவர் கத்தவில்லை. “கடைக்காரன நம்பி நாங்க வரலையே மாப்ள, ஒங்களத்தானே நம்பி வந்தோம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்கள் செக்‌ஷனில் அறந்தாங்கிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். டீச்சர் டிரெய்னிங் முடித்தவள். எங்கள் எல்லோரையும்விட அவளுக்குத்தான் சாமான்களைப் பற்றி விளக்கிச் சொல்லத் தெரியும். அவளுடைய மாதா கோயில் பங்கிலிருந்து ஆரம்பத்தில் சில கல்யாணங்கள் வந்தன. தவக்காலத்தில் அவர்களுக்குக் கல்யாணமே கிடையாது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. பேசிய அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது என்னிடம், “எங்க பக்கம் சொந்தம் கம்மிண்ணே” என்றாள். அவள் எதற்கு அதைச் சொல்கிறாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அந்த வாரமே அவள் இடத்துக்கு ஆள் எடுத்தார்கள். நான் பக்கத்தில் மெத்தைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன். வந்தவர் ஆலங்குடிப் பக்கம். மேனேஜர் அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே சிரிப்போடு, “உங்க வீட்டுக்கு வருசத்துக்கு எத்தன கல்யாணப் பத்திரிகைங்கண்ணா வரும்?” என்று கேட்டார். அந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார். கொத்தமங்கலத்தில் மாமன் வீடு, கீரமங்கலத்தில் அண்ணன் சம்பந்தம், இங்கிட்டு இவ்வளவு, அங்கிட்டு அவ்வளவு. எனக்குக் கை உறையிலேயே நின்றுவிட்டது. போய் அந்த ஆளின் வாயைப் பொத்த வேண்டும்போல இருந்தது. வேலை கொடுத்துவிட்டார்கள் என்று அவர் கீழே இறங்கிப் போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எங்கள் ஊரில் வேலை உண்டாகவே இல்லை என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. எங்கள் பாட்டன், முப்பாட்டன் காலத்திலிருந்து கொடுத்தும் வாங்கியும் சேர்த்துவைத்த சொந்தத்தைத்தான் ஆளுக்கு ஆள் காப்பிக் கலர் சட்டை மாட்டி வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அது தீர்ந்ததும் சட்டையைக் கழற்றி அடுத்த ஊர்க்காரனுக்குக் கொடுப்பார்கள். இதில் சட்டவிரோதம் ஒன்றும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். யாரிடம் போய் என்னவென்று புகார் சொல்வது? என் சொந்தக்காரர்களை நான்தான் கூப்பிட்டேன். அவர்கள் பிரியத்தோடுதான் வந்தார்கள்.

தெரிந்த பிறகாவது நான் சும்மா இருந்தேனா என்றால், இல்லை. காலையில் வண்டியில் பின்னாலிருந்து கேட்கும் அந்தக் குரலை விட எனக்கு மனமில்லை. யார் வீட்டில் விசேஷம் என்று துழாவ ஆரம்பித்தேன். சாவு வீட்டுக்குப் போனாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். ஆட்கள் என்னைக் கண்டதும் பேச்சை மாற்றுவது எனக்கே தெரிந்தது.

வைகாசியில் என் சித்தப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, அடுத்த தெருக்காரர், தன் மகள் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வைக்கவில்லை. முகூர்த்தத்துக்கு முதல் நாள் சீர் வண்டி தஞ்சாவூரில் ஏதோ ஒரு கடையில் ஏற்றிய கட்டில் பீரோவோடு எங்கள் தெரு வழியாகப் போனது. மேளம் கேட்டு எட்டிப் பார்த்தபோதுதான் சீர் எடுத்ததே எங்களுக்குத் தெரியும். பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் பங்காளிக்குப் பத்திரிகை இல்லை என்றால் எங்கள் பக்கத்தில் அது உறவை அறுத்துவிட்டது என்று அர்த்தம். மனைவி வாசல் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய் அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. நேரே போய்க் கேட்டேன்.

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, கோவிச்சுக்காத. ஒனக்குப் பத்திரிகை வச்சா ஒன் கடைக்கு வரணும். வரலைன்னா ஒன் வேலைக்குச் சங்கடம். வந்தா, பீரோ உப்பிப்போச்சுன்னா, எனக்குச் சங்கடம். எப்படிப் பாத்தாலும் சங்கடம். கல்யாணம் முடியட்டும், அப்பறம் வந்து கால்ல விழுவோம்னு இருந்தேன்” என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், பந்தக்காலைப் பார்த்தபடி நின்றுவிட்டுத் திரும்பினேன். மறுநாள் அழைக்காத கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு, சாப்பிடாமல் வந்தேன்.

ஆடி மாதம் கடை வெறிச்சென்று இருந்தது. மேனேஜர் என்னை மாடிக்குக் கூப்பிட்டு டீ வரவழைத்தார். அவர் முகமும் சரியாக இல்லை. “எனக்கும் மேலேர்ந்து கேக்குறாங்கண்ணா. ஆவணிக்கு உங்க சைடுல ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்றார். இல்லை என்றேன். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை. எங்கள் சொந்தத்தில் கட்டிக்கொடுக்கிற வயதில் இருந்த பெண்களையெல்லாம் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அதையும் சொன்னேன். அவர் டீயை என் பக்கம் நகர்த்திவைத்து, “உங்க வீட்லயே பொண்ணு இருக்குதுங்களேண்ணா” என்றார். வில்லத்தனமாகச் சொல்லவில்லை. மறந்துபோன ஒன்றை ஞாபகப்படுத்துகிறவர் மாதிரிதான் சொன்னார்.

டீயைக் குடிக்காமல் இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆவணி வரைதான் வேலை, அதற்கு மேல் இல்லை என்றேன். மேனேஜர் கடைசியாகச் சொன்னதையும் சொல்லித் திட்டினேன். மனைவி, “திரும்பவும் போகணுமா?” என்று கேட்டாள். மகள் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல வண்டியில் கிளம்பினோம். முந்திரிக் காடு வந்ததும் மகள் என் தோளில் கை வைத்தாள்.

“அப்பா, கறம்பக்குடிலேருந்து ஒரு எடம் கேட்டுக்கிட்டே இருக்காங்கள்ல, அவுங்களுக்குச் சரின்னு சொல்லிடுங்கப்பா.”

“எதுக்கு?”

“ஆவணிலயே வச்சுக்கலாம். கட்டில், பீரோ எல்லாம் நம்ம கடையிலயே எடுத்துக்கலாம். மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க ரொம்பப் பேராம்ப்பா. அவுங்க வீட்டுக் கல்யாணமெல்லாம் அப்பறம் நம்ம பக்கம் வரும். ரெண்டு மூணு வருசம் ஒங்களுக்குக் கவலை இல்ல.”

அவள் நிதானமாகச் சொன்னாள். விடிய விடிய யோசித்துவைத்திருக்கிறாள். கடை நடக்கும் விதத்தை மேனேஜரைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். அதுவும் என் மகள். எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும், டீச்சராக வேண்டும் என்று இதே சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டு வந்தவள்.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். திரும்பவில்லை. “படிப்பு?” என்று கேட்டேன்.

“அது கெடக்கட்டும்ப்பா. நீங்க போகாதீங்க.”

என் வாழ்நாளில் அவளை நான் அதட்டியதில்லை. அதட்டுகிற அளவுக்கு நான் கூட இருந்ததுமில்லை. அன்றைக்குக் கத்தினேன். ரோட்டில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது ஞாபகமில்லை. அவள் அழுதுகொண்டே வந்தாள். காலேஜ் வாசலில் இறங்கியதும் துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நான் சொன்னதை யோசிங்கப்பா” என்றாள். உள்ளே போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

நான் வீட்டில் இருப்பதற்கு ஒரு வழி இருக்கிறவரை அவள் அதையே நினைத்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குப் பட்டது. அந்த வாசலைவிட்டு நகராமலேயே, முன்பு என்னைக் குவைத்துக்கு அனுப்பிய ஏஜென்டுக்குப் போன் போட்டேன். அவர் நலம் விசாரிக்கவில்லை. பாஸ்போர்ட் கையில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.